பெரட்டில் திருப்பப்பட்டவன்

1944, பிப்ரவரி 9, புதன்

இன்றும் வயிற்றுவலி. எனக்கில்லை, சிப்பாய்களுக்கு. காலையில் மருந்தறை வாசலில் நின்ற வரிசை, பசாருக்கு மீன் வந்த அன்று நிற்கும் வரிசையை விட நீளம். ஒருவனுக்கு வயிற்றுவலி, அடுத்தவனுக்கு இடுப்புவலி. அதற்கும் அடுத்தவன், "ஒரு மாதிரியா இருக்குங்க டிரஸ்ஸரய்யா" என்றான். கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் நான், ஒரு மாதிரிக்கு என்னிடம் மருந்து இல்லை. வயிற்றுவலிக்கே ஓமத் தண்ணீர்தான் கொடுக்கிறேன். காய்ச்சலுக்கான கொயினா மாத்திரை தீர்ந்து எத்தனையோ நாளாகிறது.

நாக்கை நீட்டச் சொன்னேன், இமையை இழுத்துப் பார்த்தேன், நெஞ்சில் காது வைத்தேன். மரவள்ளிக் கிழங்கு தின்கிற உடம்பு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், காலில் புண் இருக்கிறவனெல்லாம் வரிசையில் இல்லை. ஒன்றும் இல்லாதவன்தான் வந்து நிற்கிறான்.

முகாம் அலுவலகத்தில் ஆண்டை 2604 என்று எழுத வேண்டும், அது ஜப்பான்காரன் கணக்கு. கடிகாரமும் டோக்கியோ நேரம் காட்டுகிறது. இந்தக் குறிப்பில் மட்டும் 1944 என்றே எழுதுவேன். இது நாகூர் மீரானின் சொந்த சமாச்சாரம், இதில் ஜப்பான் பிரதமர் தோஜோவுக்கு வேலை இல்லை.

பிப்ரவரி 11, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது கேப்டன் தீன்தயாள் முகாம் வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். வடநாட்டுக்காரர். பழைய பட்டாளத்து ஆள். சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டு, பிறகு நம் இந்திய தேசியப் படையில் சேர்ந்தவர். மலாக்காவில் இந்தக் காஜா பெராங் பள்ளிக்கூடத்தை முகாமாக்கியதிலிருந்து இங்கே அவர்தான் தலைமை. எனக்கும் அவருக்கும் பேச்சு ஆங்கிலத்தில்தான்.

"டிரஸ்ஸர், என் ஆட்களுக்கு என்ன நோய்?"

"நோய் ஒன்றும் இல்லை சார்."

"அப்படியானால் பசி."

பசியாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். இந்தக் காலத்தில் எதற்குப் பசியைக் காரணம் சொன்னாலும் தப்பு வராது. படைக்குப் பணமும் அரிசியும் திரட்டுகிற சங்கத்துக்காரர்களிடம் கேட்டு அரிசி கூட்டுகிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்தும் யோசனைதான். போன வருஷம் இதே பையன்கள், இதே கஞ்சி. அப்போது லெப்டினன்ட் தேவதாஸ் இவர்களுக்கு அதிகாரி. காலில் ஆறாத புண்ணை வைத்துக்கொண்டு, அதை என்னிடம் காட்டினால் பயிற்சிக்கு விடமாட்டேன் என்று துணிப்பட்டியை ஏற்றிக் கட்டி மறைத்துக்கொண்டு ஓடுவார்கள். சேதுபதி என்று ஒருவன், செங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். கணுக்காலில் எலும்பு தெரிகிற புண். அவனைத் துரத்திப் பிடித்துத்தான் மருந்து போட்டேன். "ஆறிடும்ங்க, விடுங்க" என்று சிரிக்கிறான்! தேவதாஸ் முதல் அணியோடு பர்மாவுக்குப் போனது ஜனவரியில். அவருக்குப் பதில் வந்தவர் ராஜரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், அதே செங் பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். ஆட்களை அப்பன் பேரோடு தெரியும், தமிழ் தெரியும், ஒழுங்கு தெரியும். இவர்களை நடத்தத் தெரிந்த ஆள் கிடைத்தார் என்று கேப்டனுக்கு சந்தோஷம். எனக்கும்தான்.

பிப்ரவரி 17, வியாழன்

அரிசி வந்தது. சோறு கூடியது. வரிசையும் கூடியது.

வீட்டில் மனைவி மரியமிடம் சொன்னேன். அவள் பக்கத்துச் செட்டி வீட்டம்மா கொடுத்த மரவள்ளிக் கொழுந்தை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நம்ம வீட்டுல அரிசி இல்ல, யாரும் நோவுன்னு படுக்கல. அங்க அரிசி போடப் போட நோவு கூடுதுங்கிறீங்க. அப்ப அது சோத்து நோவு இல்லீங்களே" என்றாள். நான் ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் வேலை பார்த்தவன். அவள் என் மருந்துப் பெட்டியைத் துடைத்து வைக்கிறவள். கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாளே என்ற கோபம்.

பிப்ரவரி 26, சனி

கேப்டன் வேறு வழியில் தேடியிருக்கிறார். ராஜரத்தினம் அடிக்கிறாரா? இல்லை. அரிசியில் கை வைக்கிறாரா? இல்லை, அளந்து போடுகிறார். கெட்ட வார்த்தை? வாயே திறப்பதில்லை. "தேவதாஸ் தாமதமாக வந்தவனை வெயிலில் மைதானம் சுற்ற வைப்பார். இவர் அதுகூடச் செய்வதில்லை. வரிசையில் சேர்க்காமல் திருப்பி அனுப்பிவிடுகிறார், அவன் போய் நிழலில் உட்கார்ந்துகொள்கிறான். இதைவிட மென்மையாக ஒரு அதிகாரி இருக்க முடியுமா?" என்று என்னையே கேட்கிறார்.

பயிற்சியைப் பார்த்தேன். துப்பாக்கிக்குப் பதில் கட்டை. முன்பெல்லாம் அந்தக் கட்டையைத் துப்பாக்கியாகவே பிடிப்பார்கள். இப்போது கட்டையைக் கட்டையாகப் பிடிக்கிறார்கள். நட என்றால் நடக்கிறார்கள், நில் என்றால் நிற்கிறார்கள். குறை சொல்ல இடமே இல்லை. பார்க்கவே பயமாக இருக்கிறது.

அடுத்த அணி ஆறு மாதத்துக்குள் தயாராக வேண்டும் என்று ஜப்பான்காரன் நெருக்குகிறானாம்.

மார்ச் 4, சனி

சேதுபதியைக் காணவில்லை.

மார்ச் 7, செவ்வாய்

பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பிடித்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் ஒளியவே இல்லை. பட்டப்பகலில், சீருடையோடு, பசார் வழியாக செங் ரோட்டில் நடந்தே போயிருக்கிறான். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில், தன் வீட்டு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தானாம். ஆள் வந்ததும் கோடாலியைச் சாத்தி வைத்துவிட்டுக் கூடவே கிளம்பியிருக்கிறான்.

ஓடினவனை ஜப்பான் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். உத்தரவு அப்படி. அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை அவர்கள் லாரி வருகிறது. அதற்குள் அவன் உடல்நலம், மனநலம் பார்த்து நான் எழுதித் தர வேண்டுமாம். சாவுக்கு அனுப்புகிறவனுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிறது ஒரு உத்தியோகம்! இதற்கா நான் டிரஸ்ஸருக்குப் படித்தேன்?

மார்ச் 8, புதன்

அவன் பெண்சாதி கமலவேணி, இடுப்பில் பிள்ளையோடு வேலியருகே நின்றிருந்தாள். காவல்காரன் விரட்டியும் போகவில்லை. என் கைப்பெட்டியைப் பார்த்ததும் டிரஸ்ஸர் என்று தெரிந்துகொண்டாள்.

"அய்யா, புத்தி சரியில்லன்னு எழுதிக் குடுங்கய்யா. பைத்தியத்த அவங்க எடுக்க மாட்டாங்களாம். நான் கூட்டிட்டுப் போயிடுறேன்."

"உன் புருஷன் பைத்தியம் மாதிரியா இருக்கான்?"

"பட்டாளத்துல இருந்து நடந்தே வீட்டுக்கு வந்திருக்காரு. பைத்தியம் இல்லாம என்னங்க?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பார்க்கிறேன் என்றேன். என்னத்தைப் பார்ப்பது? பைத்தியம் என்று எழுதுவது சுலபம். ஆனால் கேப்டன் முட்டாள் இல்லை. ஜப்பான்காரன் டாக்டர் ஒருவன் வந்து சோதித்தால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே லாரி. பயமாகத்தான் இருக்கிறது, எழுதி வைக்கிறேன். அவனைச் சாகவிட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது.

மார்ச் 9, வியாழன்

சேதுபதியைப் பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் அடைத்திருக்கிறார்கள். நாடி நிதானமாக இருந்தது. என் நாடிதான் ஓடியது.

"ஏன்டா போன?"

"திருப்பி விட்டாருங்க."

"யாரு?"

"கிராணியய்யா. மூணாந் தடவ. பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்திட்டேன், இன்னிக்கு ஆள் வேணாம் போன்னுட்டாரு."

"போன்னா படுக்கிற கொட்டாய்க்குத்தானே போகணும்? செங்குக்கா போவாங்க?"

அவன் என்னை நேராகப் பார்த்தான். "டிரஸ்ஸரய்யா, இது பட்டாளமா இருந்தா கொட்டாய்க்குப் போயிருப்பேன். பெரட்டுல திருப்பி விட்டா தோட்டத்தாளு லயத்துக்குத்தானே போவான்? அதான் போனேன்."

அவ்வளவுதான். பைத்தியம் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினான். உனக்கு வேண்டாம், உன் பெண்சாதி வேண்டும் என்கிறாளே என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்பார்கள். பிந்தி வந்தால் திருப்பி விடுவார்கள். அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை, பேர் இல்லை. எனக்கு அவ்வளவுதான் தெரியும். நான் டவுனில் பிறந்தவன், வாப்பாவுக்குக் கைலிக் கடை. பெரட்டில் நான் நின்றதில்லை. கேப்டனும் நின்றதில்லை. சரி, நாளைக்குக் காலையில் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

மார்ச் 10, வெள்ளி

பார்த்தேன்.

டோக்கியோ நேரத்துக்கு நடத்துவதால் இன்னும் சரியாக வெளுக்கவில்லை. மைதானத்தில் வரிசை. ராஜரத்தினம் கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு வந்தார். மழை இல்லை, வெயிலும் இல்லை, குடை எதற்கு? முன்வரிசையில் நின்றவன் சல்யூட் அடித்தான். அவர் குடையை மாற்றி இடுக்கிக்கொண்டார். கை மேலே போகவில்லை. பேர் கூப்பிட்டார். எப்படி? "முனியன் மகன்." "பழைய லயம் கறுப்பன்." "நொண்டி வீராசாமி பேரன்." இவர்களுக்கெல்லாம் படையில் எண் உண்டு, பதவி உண்டு, சொந்தப் பேரும் உண்டு. தேவதாஸ் 'சிப்பாய் சேதுபதி' என்று கூப்பிடும்போது அவன் தோள் ஒரு விரல் உயரும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இங்கே ஒவ்வொரு பேருக்கும் தோள் இறங்குகிறது. கைகளைக் கட்டிக்கொள்கிறார்கள். யாரும் கட்டச் சொல்லவில்லை. கை தானாகவே மார்புக்குப் போகிறது.

ஒருவன் ஓடி வந்தான், மூச்சிரைக்க. ராஜரத்தினம் அவனைப் பார்க்கக்கூட இல்லை. விரலை மட்டும் அசைத்தார், ஈயை ஓட்டுவதுபோல. அவன் நின்றான், திரும்பினான், போனான். வெயிலில் ஓடவிட்டிருந்தால்கூட அவன் சிப்பாயாக ஓடியிருப்பான். தண்டனை கொடுக்கக்கூடத் தகுதியில்லாதவனாகத் திருப்பி விட்டார்.

அவர் யாரையும் அடிக்கவில்லை. திட்டவில்லை. திருடவில்லை. கேப்டன் எதைத் தேடினாரோ அது எதுவுமே அங்கில்லை. தோட்டத்தை விட்டு ஓடி வந்து பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் காலையில் கண் விழித்தால் மறுபடியும் தோட்டத்திலேயே நிற்கிறார்கள். வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

ஜும்ஆவுக்குப் போகவில்லை. கேப்டனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். "குடைக்காகவா ஒரு சிப்பாய் ஓடுவான்?" என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "சார், நீங்கள் இங்கே வந்ததிலிருந்து எத்தனை காலை அந்த மைதானத்தில் நின்றீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பு நின்றது. எழுந்து ஜன்னல் பக்கம் போனார். நீ போகலாம் என்று என்னை அனுப்பிவிட்டார்.

என்ன முடிவு செய்திருக்கிறார்? சேதுபதியை லாரியில் ஏற்றவா? எனக்குத் தெரியவில்லை. சான்றிதழில் 'உடல்நலம் நன்று, மனநலம் நன்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதும்போது கமலவேணி முகம் கண்ணில் நின்றது. சரியாகத்தான் செய்தேனா? மரியமிடம் சொல்லவில்லை.

மார்ச் 11, சனி

லாரி வந்தது. காலியாகத் திரும்பியது.

ஜப்பான்காரனிடம், இவன் ஓடவில்லை, என் அதிகாரி போகச் சொன்னார், போனான், குற்றம் முகாமுடையது, தண்டனையை நானே கொடுப்பேன் என்று கேப்டன் சொல்லியிருக்கிறார். அவன் கத்தினான். கேப்டன் விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டார். ஒரு அறையும் வாங்கினார், எல்லோர் முன்னாலும். நான் மருந்தறை ஜன்னலில் இருந்து பார்த்தேன். யாரும் அசையவில்லை.

லாரி போன பிறகு ஆட்களை வரிசைப்படுத்தினார். பசாரில் புழங்குகிற மலாயில் பேசினார். அவருக்கும் இவர்களுக்கும் பொதுவாகத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். சிப்பாய் சேதுபதி அனுமதியில்லாமல் முகாமை விட்டுப் போனான், தண்டனை முதுகில் மூட்டையோடு மைதானம் சுற்றி ஓடுவது. அப்புறம் நிறுத்தி, தன் முதுகிலும் ஒரு மணல் மூட்டையைக் கட்டச் சொன்னார். "இந்த மைதானத்துக்கு நானும் வராமல் இருந்தேன். எனக்கும் அதே தண்டனை."

பழைய காயம்பட்ட முழங்கால் அவருக்கு. நான்தான் தைலம் தேய்த்துவிடுகிறவன். வேண்டாம் சார் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. உச்சி வெயிலில் இரண்டு பேரும் ஓடினார்கள். முதலில் சேதுபதி முன்னால் போனான். பிறகு கேப்டன் நொண்ட ஆரம்பித்ததும் இவன் வேகத்தைக் குறைத்தான். கேப்டன் ஏதோ அதட்டினார். மறுபடியும் சேர்ந்து ஓடினார்கள். வரிசையில் நின்றவர்களில் ஒருவனும் கைகட்டி நிற்கவில்லை. எல்லோர் கையும் பக்கத்தில் விறைப்பாக இருந்தது. சில பேர் அழுதார்கள். நானும் அழுதேன், எதற்கு மறைப்பது?

மார்ச் 12, ஞாயிறு

கேப்டனின் முழங்கால் பலாக்காய்போல வீங்கிவிட்டது. கட்டுப் போடும்போது சொன்னார்: "நான் அரிசி மூட்டையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், டிரஸ்ஸர். ஆட்களைப் பார்க்கவில்லை."

ராஜரத்தினத்தைச் சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டார். காலை அணிவகுப்பு இனி கேப்டன் கையில்.

மார்ச் 20, திங்கள்

வயிற்றுவலி வரிசையில் இன்று ஒரே ஆள். ராஜரத்தினம்.

பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். "மீரான், நான் என்ன பிழை விட்டனான்? ஒருத்தனையும் கை நீட்டி அடிச்சதில்லை. இருபது வருஷம் துரைக்கு முன்னால நின்டு 'குட்மார்னிங் சார்' எண்டு சொல்லுவன். ஒரு நாள் கூட அவன் திருப்பிச் சொன்னதில்லை. நான் குறை எண்டு ஆரிட்டையும் போனனானா?"

அவரிடம் சொல்ல நிறைய வைத்திருந்தேன். அந்தக் குடையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றும் இருந்தேன். கேட்கவில்லை. அவர் வயிற்றுவலி நிஜம். குடல் இறுகிக் கிடந்தது, தொட்டதும் தெரிந்தது. ஓமத் தண்ணீர் கொடுத்தேன், இரண்டு மடங்காக.

ஏப்ரல் 2, ஞாயிறு

மருந்தறையில் இப்போது புண், சொறி, காய்ச்சல். நிஜமான நோய்கள். எனக்கு நிம்மதியாக இருக்கிறது என்று எழுதினால் யாராவது சிரிப்பார்கள். சோறு மறுபடியும் குறைந்துவிட்டது, கிழங்குதான். ஒருவனும் முணுமுணுக்கவில்லை. கேப்டன் அதே வரிசையில் கடைசியாகத் தட்டை நீட்டுகிறார். தீர்ந்துபோனால் கஞ்சித் தண்ணீரைக் குடிக்கிறார்.

முந்தாநாள் அவர் சேதுபதியைக் கூப்பிட்டு, உனக்கு விருப்பமில்லையென்றால் காலில் உள்ள புண்ணைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன், டிரஸ்ஸர் எழுதித் தருவார் என்றிருக்கிறார். இவன் மாட்டேன் என்றுவிட்டான். வேலிக்கு வந்த கமலவேணியிடம் நான்தான் சொன்னேன். "நெசமாவா அவர கேட்டாங்க? போறியான்னு?" என்றாள். ஆமாம் என்றேன். "போகலன்னாரா?" என்றாள். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்துவிட்டாள்.

அவளிடம் அதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமையோடுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மே 21, ஞாயிறு

மைதானத்தில் பாட்டு. மரக்கட்டைகள் மறுபடியும் துப்பாக்கிகளாகிவிட்டன. மரியம் வீட்டிலிருந்தே கேட்டுவிட்டு, "இப்ப நோவு இல்லாம இருக்காங்கபோல" என்றாள்.

ஜூலை 16, ஞாயிறு

அணி கிளம்பியது. கேப்டன் தானே கேட்டு வாங்கிக்கொண்டு கூடப் போகிறார். மலாக்காவிலிருந்து தம்பின் போகிற தண்டவாளத்தை ஜப்பான்காரன் பிடுங்கி சயாமுக்குக் கொண்டுபோய் வெகுநாளாயிற்று, அதனால் தம்பின் வரை லாரி. அங்கிருந்து ரயிலில் வடக்கே, சயாம் வழியாக. சயாம் ரயில் போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பயந்துதான் இவர்களில் பாதிப் பேர் படையில் சேர்ந்தார்கள். இப்போது அதே ரயிலில் பாடிக்கொண்டு போகிறார்கள்.

ஒவ்வொருவனையும் சோதித்து 'தகுதி' என்று எழுதினேன். யாராவது ஒருவனாவது வயிற்றுவலி என்று வருவானா என்று பார்த்தேன். வரவில்லை.

சேதுபதியின் கணுக்கால் புண் முழுக்க ஆறவில்லை. அதைச் சொன்னேன். "ஆறிடும்ங்க" என்று அதே சிரிப்பு. கேப்டன் லாரியின் பின்பக்கம் ஏறி, மூட்டையோடு மூட்டையாக ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். முன்சீட்டில் டிரைவர் மட்டும்.

செப்டம்பர் 3, ஞாயிறு

நோன்பு. உலகமே நோன்பு இருக்கிற மாதிரிதான் இருக்கிறது. பர்மாப் பக்கம் நம் படை பின்வாங்குகிறது என்று பசாரில் காதோடு காதாகப் பேசுகிறார்கள். ஜப்பான் பத்திரிகை வெற்றி என்கிறது. வெற்றி எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.

1945, ஜனவரி 14, ஞாயிறு

முகாமில் ஆள் குறைந்துவிட்டது. புதிதாக யாரும் சேர வருவதில்லை. ராஜரத்தினத்தைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள், கிராணி வேலைக்கு. அங்கே கித்தா ரப்பரை வாங்க ஆளில்லை, மரவள்ளி நட ஆள் மேய்க்கிறாராம். பர்மாவிலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

நான் என்ன நோயைக் குணப்படுத்தினேன்? மனம் உடைந்தவன் போருக்குப் போக மாட்டான். மனம் உடையாதவன் போவான். இதை யோசிக்கக் கூடாது என்று நினைக்கிறேன், மருந்துப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் யோசனை வந்து நிற்கிறது. கேப்டன் கெட்டவராக இருந்திருந்தால்? சே, என்ன கேள்வி இது.

ஜூன் 30, சனி

தியாகு வந்திருக்கிறான். அந்த அணியில் போனவன். ஒரு கை முழங்கையோடு இல்லை. பாங்காக் வரை நடந்து, அங்கிருந்து காயம்பட்டவர்களோடு ரயில். கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவிக்கொண்டே கேட்டேன்.

ஏப்ரலில் பின்வாங்கியபோது கேப்டனுக்குச் சீதபேதி. நடக்க முடியவில்லை. மாற்றி மாற்றித் தூக்கியிருக்கிறார்கள். ஒரு ஆற்றங்கரையில் கேப்டன் எல்லோரையும் நிறுத்தி, என்னை இங்கே விட்டுவிட்டுப் போங்கள், இது உத்தரவு என்றாராம். மற்றவர்கள் அழுதுகொண்டே கிளம்பினார்கள். சேதுபதி கிளம்பவில்லை.

"கேப்டன் துப்பாக்கிய எடுத்துக் காட்டி வெரட்டுனாருங்க. இவன் போய் தண்ணி மோந்துட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டான். நான் கூப்பிட்டேன். 'நீ போ தியாகு, அவருக்கு வாய்க்குத் தண்ணி குடுக்க ஆள் வேணும்'னான்."

மறுநாள் தியாகுவும் இன்னொருவனும் மனசு கேட்காமல் திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். விமானம் சுட்டுவிட்டுப் போயிருந்தது. சேதுபதி செத்துக் கிடந்தான். கேப்டனுக்கு உயிர் இருந்தது, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தியாகுவின் கை போனது அன்று மாலை, அடுத்த விமானத்தில். கேப்டனை வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு போனானாம்.

நான் கட்டுப் போட்டு முடித்தேன். இரண்டு தடவை அவிழ்த்துக் கட்ட வேண்டியதாயிற்று.

ஜூலை 1, ஞாயிறு

கமலவேணிக்கு யார் சொல்வது? தியாகு தன்னால் முடியாது என்கிறான். முகாமில் சொல்வதற்கு அதிகாரி என்று யாரும் இல்லை.

ஜூலை 8, ஞாயிறு

போய் வந்தேன். செங் வரைக்கும் சைக்கிளில். டயரில் காற்று நிற்கவில்லை, பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைக் கோர்த்துக்கொண்டே போனேன். வீரம், விசுவாசம், தேசம். டவுனில் இரங்கல் கூட்டங்களில் கேட்ட வார்த்தைகள்தான். லயத்து வாசலில் அவளைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. என்னைக் கண்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தியாகு சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவள் அழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் சத்தம் போட்டு அழுதார்கள். அவர்கள் ஓய்ந்த பிறகு கேட்டாள், "மத்தவங்களெல்லாம் போயிட்டாங்களாங்க?"

"உத்தரவும்மா. போகச் சொல்லி உத்தரவு."

"இவருக்கும் உத்தரவுதானே?"

"ஆமா."

"ஒரு தடவ ஒருத்தரு போன்னதுக்கு, அவ்வளவு தூரம் நடந்து வீட்டுக்கு வந்தவருதானே."

அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். பைத்தியம் என்று எழுதச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்தக் கேப்டனய்யா நல்லவருங்களா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லவரும்மா. அவரை மாதிரி அதிகாரியை நான் பார்த்ததில்லை."

"அதான்" என்றாள். பிறகு, "கிராணியய்யாகூடப் போயிருந்தா ஓடி வந்திருப்பாரு" என்றாள்.

உள்ளே பிள்ளை எழுந்து அழுதது. அவள் எழுந்து போனாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.